சிந்துபாதும் சுமைகாரனும்

ரிஷிவந்தியத்துக் கடைத்தெருவில் காலைத் தேநீருக்கு வந்து நிற்பவர்கள் பத்திரிகையைப் பிரித்ததும் தலையங்கத்தைத் தேடுவதில்லை. தினத்தந்தியின் ஒரு தாள் ஒருவர் கையிலும் மறுதாள் இன்னொருவர் கையிலுமாக இருக்கும். கன்னித்தீவு இருக்கும் தாள் எவர் கையில் சிக்குகிறதோ, அவரைச் சுற்றி இரண்டு மூன்று தலைகள் குனிந்திருக்கும். சில படங்களும் படத்துக்கு ஓரிரு வரிகளும்தாம். 1960இல் தொடங்கிய அந்தப் படக்கதை அறுபது ஆண்டுகளைக் கடந்தும் முடியவில்லை. முடியாத வழக்குக்கும், இழுத்துக்கொண்டே போகும் பேச்சுக்கும் 'கன்னித்தீவு மாதிரி' என்று உவமை சொல்லும் அளவுக்கு அது தமிழில் ஊறிவிட்டது.

அக்கதையின் நாயகன் சிந்துபாத். மந்திரவாதி மூசா குட்டிப் பொம்மையாகச் சுருக்கிவிட்ட லைலாவைப் பழைய உருவுக்குக் கொண்டு வருவதற்காக அவன் கடல்கடலாக அலைகிறான். மந்திரவாதிகளை வென்ற நபியின் திருப்பெயரை ஒரு மந்திரவாதிக்கே சூட்டிவிட்டார்களே என்று நம் வீட்டு நன்னிமாவுக்குக் கடைசி வரையில் மனத்தாங்கல் இருந்தது. ஆயினும் மறுநாள் என்ன ஆயிற்று என்று கேட்கவும் அவர் தவறியதில்லை.

கடலைக் காணாத ஊர் நம்முடையது. வானம் தெளிந்த நாளில் மேற்கே நீலக் கோடாகத் தெரிவது கல்வராயன் மலை. கிழக்கே கடலுக்குப் போவதென்றால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பேருந்து ஏற வேண்டும். அப்படியிருந்தும் தமிழ்நாட்டின் உள்நாட்டுச் சிற்றூர்களிலெல்லாம் பாக்தாது நகரத்து மாலுமி ஒருவனின் பெயர் குழந்தைகளின் வாயில் புழங்குகிறது. இது சிறிய செய்தியன்று. ஆனால் இந்தச் சிந்துபாத் யார், இவனுடைய மூலக் கதை என்ன என்று தேடிப் படித்தவர் நம்மிடையே குறைவு. படித்தவர்களும் சிறு வயதில் ஒருமுறை படித்ததோடு நிறுத்திக்கொண்டவர்களே. நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவராகத்தான் இருந்தோம். பேரனுக்குப் படித்துக் காட்டுவதற்காக ஏழு பயணங்களையும் மீண்டும் கையில் எடுத்தபோது, நாம் அறிந்திருந்த கதை அதில் பாதிகூட இல்லை என்று கண்டோம்.

முதலில் நூலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சிந்துபாதின் ஏழு பயணங்கள் ஆயிரத்தொரு இரவுகளின் பகுதியாகப் பிறந்தவை அல்ல. அரபியில் தனி நூலாக வழங்கியவை. பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான் அவற்றைத்தான் முதலில் மொழிபெயர்த்தார். அதன் பின்னரே 1704 முதல் ஆயிரத்தொரு இரவுகளை வெளியிடத் தொடங்கி, சிந்துபாதையும் அதனுள் சேர்த்துக்கொண்டார். அலாவுதீனும் அலிபாபாவும் இதைவிட விந்தையான வழியில் வந்தவர்கள். அவ்விரு கதைகளையும் 1709இல் பாரிசு நகரில் கலானுக்கு வாய்மொழியாகச் சொன்னவர் ஹலப் நகரத்துக் கிறிஸ்தவரான ஹன்னா தியாப். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1956இல் வண்ணப் படமாக எடுத்து நம் பக்கத்து ஊர்களையெல்லாம் மயக்கிய அலிபாபா, பழைய அரபுச் சுவடிகளில் இல்லாதவன்! சிந்துபாதுக்கு அந்தக் குறை இல்லை. அவன் அரபு வணிகர்களின் சொந்தப் பிள்ளை. 1835இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்திலும், 1839க்கும் 1842க்கும் இடையே கல்கத்தாவிலும் ஆயிரத்தொரு இரவுகள் அரபியில் அச்சேறியபோது அவனும் உடன் ஏறினான்.

இனி நூலுக்குள் செல்வோம். சிறு வயதில் நம் நினைவில் நின்றவை எவை? தீவென்று எண்ணி அடுப்பு மூட்டிய இடம் மீனின் முதுகாக இருந்தது. ருக் என்னும் அண்டரண்டப் பட்சியின் காலில் தலைப்பாகையால் தன்னைக் கட்டிக்கொண்டு பறந்தது. வைரப் பள்ளத்தாக்கில் இறைச்சித் துண்டை வீசிக் கல்லெடுத்தது. இவை போதும் அந்த வயதுக்கு. கதை எங்கே தொடங்குகிறது என்று கேட்டிருந்தால், 'பாக்தாதில் சிந்துபாத் என்றொரு வணிகன் இருந்தான்' என்றுதான் சொல்லியிருப்போம். நாம் படித்த சிறுவர் பதிப்பு அப்படித்தான் தொடங்கிற்று.

மூலம் அப்படித் தொடங்கவில்லை. கலீபா ஹாரூன் ரஷீதின் காலத்தில், வெயில் கொளுத்தும் ஒரு நாளில், கூலிக்குச் சுமை தூக்கும் ஏழை ஒருவன் பாக்தாதுத் தெருவில் வருகிறான். ஒரு மாளிகை வாசலில் நீர் தெளித்துக் குளிர்ந்திருக்கிறது; பன்னீர் மணம் வருகிறது; உள்ளே இசை கேட்கிறது. மூட்டையைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, இறைவனை நோக்கி அவன் முறையிடுகிறான். எல்லாரும் ஒரே துளியிலிருந்து பிறந்தவர்கள்தாமே, ஒருவர் நிழலில் இருக்க ஒருவர் சுமையோடு நடப்பது ஏன் என்பது அவன் கேள்வியின் சாரம். உடனே பயந்துபோய், உன் தீர்ப்பில் நான் குறை சொல்லவில்லை என்று தானே சேர்த்துக்கொள்கிறான். மாளிகைக்காரர் காதில் அது விழுகிறது. ஆள் விட்டு அழைக்கிறார், உணவிடுகிறார், பெயர் கேட்கிறார். சுமைகாரன் தன் பெயரைச் சொல்கிறான்: சிந்துபாத். மாளிகைக்காரர் சிரிக்கிறார். அவர் பெயரும் சிந்துபாத்.

கல்கத்தா அரபுப் பதிப்பில் இருவருக்கும் ஒரே பெயர். ஒருவர் கடலோடி சிந்துபாத், மற்றவர் சுமைகாரச் சிந்துபாத். கலானின் பிரெஞ்சு நூலில் சுமைகாரன் இந்துபாத் ஆகிவிட்டான். அதைத் தழுவிய பல பதிப்புகளில் அப்பெயரே நின்றது. குழப்பம் நீங்கியது உண்மைதான்; கதையின் ஆணிவேரும் உடன் நீங்கியது. பிறகு வந்த சிறுவர் பதிப்புகள் அவனை அடியோடு விலக்கிவிட்டன. கன்னித்தீவில் அவனுக்கு இடமே இல்லை.

அவனை எடுத்துவிட்டால் என்ன நட்டம்? ஐந்தாம் பயணத்தைப் படித்துப் பார்த்தால் தெரியும். கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கிய சிந்துபாத், ஓடைக்கரையில் நடக்க முடியாதவன் போல் உட்கார்ந்திருக்கும் கிழவன் ஒருவனைக் காண்கிறான். இரக்கப்பட்டுத் தோளில் தூக்குகிறான். தூக்கியதும் கிழவனின் கால்கள் கழுத்தை இறுக்கிக்கொள்கின்றன. பிறகு இறங்க மாட்டேன் என்கிறான். பழமரத்தடிக்கெல்லாம் தூக்கிப் போகச் சொல்லிக் காலால் உதைக்கிறான்; உறங்கும்போதும் பிடியை விடுவதில்லை. இரவும் பகலும் சுமந்து சுமந்து சிந்துபாத் சாகக் கிடக்கிறான். முடிவில் காய்ந்த சுரைக்குடுக்கையில் திராட்சையைப் பிழிந்து ஊற வைத்து, அதைக் கிழவனுக்குக் கொடுத்து மயக்கித் தள்ளி, பாறாங்கல்லால் தலையை நசுக்குகிறான். (மது காய்ச்சுவதைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கி, நாமும் 'புளித்த சாறு' என்று சொல்லிக் கடந்துவிட்டோம். இது நம் பலவீனம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.)

சிறு வயதில் இந்தக் கட்டத்தில் நாம் கிழவனுக்குப் பயந்தோம். இப்போது படிக்கையில் நம் கண் எதிர்த் திண்டில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பவன்மேல் போயிற்று. தோளில் சில நாள் ஒருவனைச் சுமந்ததைத் தன் வாழ்நாளின் பெருந்துன்பங்களுள் ஒன்றாகச் செல்வர் சொல்கிறார். அதை யாரிடம் சொல்கிறார்? கழுத்து காய்த்துப்போன ஒரு சுமைகாரனிடம்! சும்மாட்டின் தழும்பு தலையில் இருக்க அவன் தலையாட்டிக் கேட்கிறான். அவன் தோளில் ஏறியிருக்கும் கிழவன் எவன்? அவனை இறக்குவதற்கு எந்தச் சுரைக்குடுக்கை உண்டு? கதை இதைக் கேட்கவில்லை. ஆனால் கேட்பவனை எதிரில் உட்கார வைத்துவிட்டு இக்கதையைச் சொல்ல வைத்த அந்தப் பெயர் தெரியாத ஆசிரியருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? நமக்கு அப்படித் தோன்றவில்லை.

நான்காம் பயணம் இதைவிடக் கடினமானது. சேணம் அறியாத நாட்டில் சேணம் செய்து கொடுத்துச் செல்வாக்குப் பெற்ற சிந்துபாத் அங்கேயே மணம் செய்துகொள்கிறான். கணவனோ மனைவியோ இறந்தால் உயிரோடிருக்கும் மற்றவரையும் பிணத்தோடு குகைக்குள் இறக்கிவிடுவது அந்நாட்டு வழக்கம் என்பது பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. மனைவி நோயுற்று இறக்கிறாள். ஏழு ரொட்டியும் ஒரு குடம் நீரும் கொடுத்து அவனையும் இறக்கிவிடுகிறார்கள். உணவு தீரும் வேளையில் மேலிருந்து ஓர் ஆணின் பிணத்தோடு ஒரு பெண்ணை இறக்குகிறார்கள். சிந்துபாத் செத்தவனின் எலும்பொன்றை எடுத்து அவள் தலையில் அடித்துக் கொன்று, அவளுடைய ரொட்டியையும் நீரையும் எடுத்துக்கொள்கிறான். ஒருமுறையோடு அது நிற்கவில்லை. இறக்கப்படுகிறவர்களையெல்லாம் அவ்வாறே கொன்று உயிர் வாழ்கிறான். பின்பு விலங்கொன்றின் தடம் பற்றிக் கடற்பக்கம் வெளியேறும் வழியைக் காண்கிறான். பிணங்களின் நகைகளையும் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறுகிறான்.

இந்தக் கொலைகள் நம் நினைவில் இருக்கவே இல்லை. சிறுவர் பதிப்பு அவற்றை நீக்கியிருந்ததா, அல்லது படித்தும் நாயகன் பிழைத்தால் போதும் என்று நம் மனமே தாண்டிப் போயிற்றா என்று இப்போது சொல்ல முடியவில்லை. மறுவாசிப்பில் தாண்டிப்போக முடியாது. நாயகன் வாய் நிறைய இறைவனைப் புகழ்கிறான். செய்த கொலைக்காக வருந்தியதாக ஒரு வரியும் இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. தன்னைக் காப்பாற்றிய கப்பல்காரர்களிடம் அவன் குகையைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. அந்த ஊர்க்காரர் எவரேனும் கப்பலில் இருந்துவிடலாம் என்ற அச்சம். பல ஆண்டு கழித்துத் தன் மாளிகையில், விருந்துக்கு நடுவே, சுமைகாரன் முன்னால்தான் வாய் திறக்கிறான். பிறகு நூறு பொற்காசு கொடுத்து அனுப்புகிறான். நாள்தோறும் கதை முடிந்ததும் நூறு பொற்காசு! கேட்டதற்குக் கூலியா, கேள்வியை மறப்பதற்கா?

இத்தகைய கதைகளை முஸ்லிம் குடும்பங்களில் படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பொய்க்கதை, ஜின் கதை, நேரத்தை விழுங்கும் கதை என்று பெரியவர்கள் கடிந்துகொண்டதை நாமும் கேட்டு வளர்ந்தோம். அவர்களுடைய அக்கறையை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப ஓதுவதன் பயனை இந்தச் சமுதாயத்துக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வெள்ளிதோறும் நம் வீடுகளில் கஹ்ஃபு சூரா ஓதுகிறோம். இறைவசனத்தையும் மனிதன் கட்டிய கதையையும் ஒரு தட்டில் வைக்க நாம் துணியோம்; ஓதும் பழக்கத்தை மட்டுமே சொல்கிறோம். சென்ற வெள்ளியில் நெஞ்சில் தட்டாத ஓர் இடம் இந்த வெள்ளியில் தட்டுகிறது அல்லவா?

நமக்கு அப்படித் தட்டிய இடம் ஒன்று உண்டு. மூசா நபி (அலை) அவர்களோடு சென்ற நல்லடியார் கப்பலொன்றைத் துளையிடுகிறார். காரணம் பின்னால் சொல்லப்படுகிறது: அது கடலில் பாடுபட்டுப் பிழைக்கும் ஏழைகளின் கப்பல்; பழுதில்லாத கப்பல்களையெல்லாம் பறிக்கும் அரசன் ஒருவன் இருந்தான். கப்பல் ஏழைகளுடையது என்று திருமறை நின்று சொல்கிறது. இதை ஓதிவிட்டுச் சிந்துபாதைத் திறந்தால், அவனுடைய கப்பல்களில் ஏழைகள் எங்கே என்று கண் தேடத் தொடங்குகிறது. பயணந்தோறும் மாலுமிகள் மூழ்குகிறார்கள். அரக்கன் தின்கிறான், பாம்பு விழுங்குகிறது. ஒருவனுக்கும் பெயர் இல்லை. பெயர் பெற்ற ஒரே ஏழை, கரையில் மூட்டையோடு நின்றவன்.

இவ்வளவு சொன்னதால் இக்கதைகளை நாம் வெறுக்கிறோம் என்று எண்ண வேண்டா. நம் மண்ணுக்கும் இவற்றுக்கும் உள்ள உறவு ஒன்றே இவற்றை நம் அலமாரியில் வைக்கப் போதுமானது. ஆறாம் பயணத்தில் அவன் மலைக்கடியில் ஓடும் ஆற்றில் தெப்பம் விட்டுச் சேரும் நாடு சரந்தீபு, அதாவது இலங்கை. பாவா ஆதம் மலை அங்கேதான் இருக்கிறது. ஐந்தாம் பயணத்தின் முடிவில் அவன் மிளகு விளையும் தீவுகளைக் கடந்து முத்துக் குளிக்கும் துறைக்கு வருகிறான். கையிலிருந்த தேங்காய்களை முக்குளிப்பவர்களுக்குக் கொடுத்து, என் பேருக்கு மூழ்குங்கள் என்கிறான். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளையும் அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி கற்பனையாகவே தோன்றாது.

கற்பனையில்லாத ஒரு சிந்துபாதையும் நாம் அறிவோம். இப்னு பதூதா 1344இல் சரந்தீபுக்கு வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவர் உதவியால் ஆதம் மலை ஏறினார். அங்கிருந்து மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழ்க் கரைக்கு வரும் வழியில் கப்பல் தட்டி உடைந்தது. உடன் வந்தவர்களைத் தெப்பத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலிலேயே இரவைக் கழித்தார். விடிந்தபின் கரைவாசிகள் வந்து மீட்டார்கள். மதுரையில் அன்று ஆட்சி புரிந்த கியாதுத்தீன் தாமகானி அவருக்கு மனைவி வழி உறவினர். அவ்வளவு நெருக்கம் இருந்தும் அந்தச் சுல்தான் செய்த கொடுமைகளைக் கண்டு மனம் கொதித்ததை இப்னு பதூதா தம் நூலில் மறைக்கவில்லை. விருந்தளித்தவனின் குற்றத்தையும் எழுதினாரே, அந்த ஒன்றில் அவர் சிந்துபாதினும் உயர்ந்தவர். ருக் பறவையைத் தூரத்தில் கண்டதாக அவரும் எழுதியிருக்கிறார் என்பதைச் சிறுவர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

நம் வீடுகளில் சபர் என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. கடற்கரை ஊர்களில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களைச் சபுராளி என்றார்கள். கடலில்லாத நம் பக்கத்து ஊர்களிலிருந்தும் 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குப் போகலானார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர்கள் திரும்பும் நாள் தெருவுக்கே பெருநாள். பெட்டி திறக்கும், அத்தர் மணக்கும், டேப் ரிக்கார்டர் வெளியே வரும். இரவெல்லாம் கதை நடக்கும். எத்தனை மாடிக் கட்டடம், எவ்வளவு அகலச் சாலை, ஷேக்கின் வீட்டில் எத்தனை கார்! ஊரில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையும் நெல் மூட்டையும் ஏற்றி இறக்கிப் பிழைத்தவர்கள் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்பார்கள். எழுந்து போகும்போது அவர்கள் கையில் ஒரு சோப்போ ஒரு தைலப் புட்டியோ வைக்கப்படும்.

அப்படி வந்த நம் உறவினர் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து, ஊரோடு தங்கிவிட்ட பிறகு, ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: அங்கே அவர் பார்த்த வேலை துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குவது. இங்கே எதைத் தூக்க மாட்டேன் என்று கப்பலேறினாரோ, அங்கே அதையே தூக்கியிருக்கிறார். ஊருக்கு அவர் கடலோடி. அங்கே அவர் சுமைகாரர். கப்பல்காரர்களிடம் குகையை மறைத்த சிந்துபாதைப் போல அவரும் திண்ணையில் கிடங்கை மறைத்திருக்கிறார். இருவருக்கும் ஒரே பெயர் வைத்த அந்த அரபுக் கதாசிரியரை அன்று நினைத்துக்கொண்டோம். கலானுக்கு அந்தப் பெயர் ஏன் மாறிற்றோ, நம் தெருவில் அது மாறவே இல்லை.

இந்த இடத்தில்தான் கன்னித்தீவின் மேல் நமக்குள்ள குறையைச் சொல்ல வேண்டும். அதன் ஓவியங்களில் குறை இல்லை. நாள்தோறும் சில கட்டங்களில் ஆவலைத் தூண்டி நிறுத்தும் சாமர்த்தியமும் எளிதன்று. ஆனால் அந்தச் சிந்துபாத் வீடு திரும்புவதே இல்லை. மூலத்துச் சிந்துபாத் ஏழு முறை போனான், ஏழு முறையும் திரும்பினான். திரும்பியவனுக்குத்தான் கதை சொல்ல ஒரு திண்ணை வேண்டும், கேட்க ஓர் ஆள் வேண்டும், கேட்டவன் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமும் உண்டு. திரும்பாதவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அடுத்த தீவு, அடுத்த பூதம், அடுத்த காலை. நேற்றைய தாள் இன்று வடை மடிக்கப் போய்விடுகிறது. பின்னோக்கிப் புரட்டிப் பார்க்க வாசகரிடம் ஏடு இல்லை. அறுபது ஆண்டுகளாக ஒரே கதையைப் படித்த ஒருவர் அதில் எந்தக் கட்டத்தையும் இரண்டாம் முறை படித்திருக்கமாட்டார் என்பது எவ்வளவு விந்தை!

முடிவைப் பற்றியும் ஒரு சொல். கலானின் பதிப்பில், ஏழு கதைகளையும் கேட்ட இந்துபாத், உங்கள் துன்பத்தின் முன் என் துன்பம் ஒரு பொருட்டன்று, இந்தச் செல்வத்துக்கு நீங்கள் தகுதியானவரே என்று ஒப்புக்கொள்கிறான். சுமைத் தொழிலை விட்டுவிட்டு நாள்தோறும் தம் வீட்டில் உண்ணுமாறு செல்வர் சொல்கிறார். இந்த ஒப்புதல் நமக்குச் சுவைக்கவில்லை. முதல் நாள் வாசலில் அவன் கேட்ட கேள்விக்கு ஏழு நாளும் விடை வரவில்லை. காசு வந்தது, சோறு வந்தது. கல்கத்தாப் பதிப்பு இந்த வகையில் நாணயமானது. சாவு வந்து பிரிக்கும் வரை இருவரும் நண்பர்களாக இருந்தார்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

ஏழாம் இரவு படித்து முடித்ததும், சுமைகாரன் இனிமேல் மூட்டை தூக்க வேண்டாமா என்று பேரன் கேட்பான் என எதிர்பார்த்து, விடையோடு காத்திருந்தோம். அவன் கேட்டது வேறு.

"நன்னா, மொதல் நாள் அவர் வாசல்ல எறக்கி வச்சாரே, அந்த மூட்டை யாரோடது? அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல?"

நம்மிடமுள்ள தமிழ்ப் பதிப்பை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தோம். திண்ணையில் இறக்கிய அந்த மூட்டையைப் பற்றி அதில் மேற்கொண்டு ஒரு சொல்லும் இல்லை.